லைவ் எட்ஜ் மேசைக்குப் பூச்சு: காய்ந்த பலகையிலிருந்து கடைசிக் கோட் வரை

தூங்குமூஞ்சி மரத்தின் அகலமான பலகை ஒன்றை எடுத்து, ஓரத்தை நேராக அறுக்காமல் மரம் வளர்ந்த வளைவோடு அப்படியே விட்டு, கீழே இரும்புக் கால் பொருத்தினால் அழகான மேசை தயார். சென்னை, கோவை, புதுச்சேரி என்று பல ஊர்களில் வீடுகளிலும் காபிக் கடைகளிலும் இப்போது இந்த லைவ் எட்ஜ் மேசைகளைப் பார்க்க முடிகிறது. ஆனால் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போன பிறகு அதே மேசைகள் சிலவற்றைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். பலகை நடுவில் குழிந்திருக்கும். ஓரத்துப் பட்டை உதிர்ந்திருக்கும். கீழே தரையில் மாவு கொட்டிக் கிடக்கும். உடனே பாலிஷ் சரியில்லை என்பார்கள். பெரும்பாலும் கோளாறு பாலிஷ் போடாமல் விட்ட இடத்தில்தான் இருக்கும்: அடிப்பக்கம், இழையைக் குறுக்கே அறுத்த இரண்டு வெட்டுமுனைகள், ஓரத்துக் குழிகள். அதற்கும் முன்னால், முழுதாகக் காயாத பலகையில் வேலையைத் தொடங்கியதில் இருக்கும்.

வீட்டுக்குள் போடும் ஆறடிக்கு மூன்றடி மேசை ஒன்றை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெஞ்சு, ஷெல்ஃப், டீப்பாய் எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

எந்த மரம்?

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது தூங்குமூஞ்சி. மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவரப்பட்டு நம் சாலையோரங்களில் நிலைத்துவிட்ட மரம் இது. மூன்று நான்கு அடி அகலத்துக்குப் பலகை கிடைக்கும். வைரப் பகுதி அடர்ந்த சாக்லேட் நிறம், சுற்றி வெளிறிய வெள்ளைப் பகுதி. இந்த இரண்டு நிறமும் ஓரத்தில் சந்திக்கும் இடம்தான் இந்த மேசைகளின் அழகே. காயும்போது இது சுருங்குவதும் குறைவு. ஒரே குறை, இழை முன்னும் பின்னும் பின்னிக்கொண்டு ஓடும். இழைப்புளி போட்டால் சில இடங்களில் பிய்த்துக்கொண்டு வரும்.

வாகை நல்ல மரம், ஆனால் அதன் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. மாமரத்தில் வைரம் குறைவு, பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். பலா அறுத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் படப்படப் பொன்பழுப்பாக மாறும். அந்த மாற்றம் தெரிந்தே வாங்குங்கள். தேக்கு விரிவதும் சுருங்குவதும் குறைவு, ஆனால் அகலப் பலகை விலை தாங்காது. அதன் எண்ணெய்த்தன்மையால் பூச்சு ஒட்டுவதற்குத் தனிக் கவனமும் வேண்டும்.

2011 தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2016 வர்தா சென்னையின் சாலையோர மரங்களை வேரோடு பெயர்த்தது. இப்படி விழுந்த மரங்கள் விறகாகப் போகாமல் மேசையாவது நல்ல காரியம். ஆனால் வாங்கும்போது மரவாடிக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மரம் எத்தனை நாள் மண்ணில் கிடந்தது, பலகையாக அறுத்து எவ்வளவு காலமாகிறது? மண்ணில் நாள்கணக்கில் கிடந்த மரத்தின் வெள்ளைப் பகுதி நகத்தால் அழுத்தினாலே அமுங்கும். மரத்தின் நடுமையம் பலகையின் ஊடே ஓடினால் அதை விட்டுவிடுங்கள். அந்த இடம் இன்றோ நாளையோ வெடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

காற்றில் காயவிடும் பலகைக்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. இரண்டு அங்குலப் பலகைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு. நம் வெயிலில் கொஞ்சம் முன்னாலேயே காயலாம், ஆனால் நாள் கணக்கை நம்பி மட்டும் இறங்க வேண்டாம். ஊசி குத்திப் பார்க்கும் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் 12 முதல் 14 சதவீதம், உள் மாவட்டங்களில் 10 முதல் 12 சதவீதம் காட்டினால் வேலையைத் தொடங்கலாம். மேசை ஏசி அறைக்குப் போகிறது என்றால் இன்னும் குறைவாக இருப்பது நல்லது. மேற்பரப்பில் மட்டும் குத்தினால் மீட்டர் ஏமாற்றும். முனையில் ஒரு துண்டு வெட்டி எடுத்து, அந்தப் புது வெட்டின் நடுவில் குத்திப் பாருங்கள்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: பலகையை மாதம் ஒரு முறை எடை போடுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எடை குறையவில்லை என்றால் அந்த இடத்துக்கு அது காய்ந்துவிட்டது. பிறகு மேசை இருக்கப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் கிடத்திவையுங்கள், சுவரில் சாய்த்து அல்ல, கட்டைகள் மேல் படுக்கையாக.

புதிதாக அறுத்த பலகையை வாங்கி நீங்களே காயவைப்பதாக இருந்தால், அன்றைக்கே இரண்டு வெட்டுமுனைகளுக்கும் உருக்கிய மெழுகோ கெட்டியான ஆயில் பெயின்டோ இரண்டு கோட் அடித்துவிடுங்கள். முனை வழியாக ஈரம் மற்ற பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை முதலில் சுருங்க, உள்ளே மரம் சுருங்காமல் நிற்க, வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அடுக்கும்போது ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ஓர் அங்குலக் கட்டைகளை ஒரே நேர்கோட்டில் வையுங்கள். நேர் வெயில் படக் கூடாது. நிழலும் காற்றும் போதும்.

பட்டையை எடுப்பதா, விடுவதா?

எடுத்துவிடுங்கள் என்பதே என் பதில். பட்டையும் மரமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை, அதனால் இன்றைக்கு உறுதியாக ஒட்டியிருக்கும் பட்டை அடுத்த ஆண்டு தனியே கழன்று வரும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள மெல்லிய அடுக்குதான் பூச்சிகளுக்குப் பிடித்த இடமும். எந்தப் பூச்சு போட்டாலும் கழலும் பட்டையைப் பிடித்துவைக்க முடியாது.

எடுக்கும் விதத்தில் பொறுமை வேண்டும். கூரான உளியை மரத்துக்குள் இறக்கினால் ஓரத்தில் வெட்டுத் தழும்பு விழும், பூச்சு போட்டதும் அது எடுப்பாகத் தெரியும். முனை மழுங்கிய பழைய உளியைப் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்து, நெம்பி எடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் நாரைப் பித்தளை பிரஷ்ஷால் இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். இரும்பு பிரஷ் வேண்டாம். அதன் துணுக்கு இழைக்குள் சிக்கி, பின்னால் ஈரம் படும்போது துவர்ப்புச் சத்துள்ள மரங்களில் நீலக் கறுப்புப் புள்ளியாகப் பூக்கும்.

பட்டைக்குக் கீழே தெரியும் மேடு பள்ளங்களையும் சின்ன ஓட்டங்களையும் அப்படியே விடுங்கள். அதைத் தேய்த்து வழவழப்பாக்கினால் ஓரம் இயற்கையாக இருக்காது, மெஷினில் வளைத்த ஓரமாகத்தான் தெரியும்.

வண்டும் மாவும்

மைதா மாவு போன்ற மெல்லிய தூள் கீழே கொட்டியிருந்து, பலகையில் குண்டூசித்தலை அளவுத் துளைகள் தெரிந்தால் அது மரப்பொடி வண்டின் வேலை. வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்துதான் அதற்கு உணவு. வைரத்தை அது தொடுவதில்லை. லைவ் எட்ஜ் பலகையில் ஓரம் முழுவதும் வெள்ளைப் பகுதி என்பதால், நேராக அறுத்த மேசையைவிட இதற்கு ஆபத்து அதிகம்.

அந்த வண்டு பூச்சு இல்லாத மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடும். எல்லாப் பக்கமும் பூச்சு போட்டுத் துளைகளை மூடிவிட்டால் வெளியிலிருந்து புதிதாக வந்து முட்டையிட வழியில்லை. அடிப்பக்கத்தைப் பூசாமல் விட்டால் மேலே எத்தனை கோட் அடித்தும் பயனில்லை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவுக்கு மட்டும் பூச்சு தடையாகாது. அதற்குத்தான் போராக்ஸ் கரைசல்.

ஒரு லிட்டர் வெந்நீருக்கு 60 கிராம் போராக்ஸ், 40 கிராம் போரிக் ஆசிட். கரைத்து, சூடு ஆறுவதற்குள் பலகை முழுவதும், முக்கியமாக ஓரத்திலும் வெட்டுமுனையிலும், தாராளமாகத் தடவுங்கள். காய்ந்ததும் இன்னொரு முறை. கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது, மீந்ததைச் சமையலறைப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. பச்சைப் பலகையில் பூசினால் ஈரத்தோடு சேர்ந்து ஆழமாக உள்ளே போகும், அதனால் அறுத்த உடனே பூசுவதே சிறந்தது. காய்ந்த பலகை என்றால், மேற்பரப்பைச் சமப்படுத்திய பிறகு பூசுங்கள். இல்லாவிட்டால் மருந்தெல்லாம் இழைத்த தூளோடு போய்விடும். பூசி ஒரு வாரமாவது காயவிட்டு, மேலே பூக்கும் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைத்து, திரும்பவும் மீட்டரில் பாருங்கள்.

சமப்படுத்துவது

மூன்றடி அகலப் பலகையைக் கையால் சமப்படுத்துவது பெரும் உழைப்பு. அறுவை மில்லிலோ மரவேலைப் பட்டறையிலோ ரவுட்டரை (சுழலும் அலகால் மரத்தைச் செதுக்கும் மெஷின்) சட்டத்தில் ஓட்டிச் சமப்படுத்தித் தருவார்கள், அங்கேயே கொடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆழமாக எடுத்தால் பலகைக்குள் இருந்த இறுக்கம் மாறி, மறுநாளே கொஞ்சம் வளையும்.

வெடிப்பும் எபாக்ஸியும்

எல்லா வெடிப்பையும் மூட வேண்டியதில்லை. முனையில் இருக்கும் சிறு கீற்றைச் சுத்தம் செய்து அப்படியே விட்டாலும் அழகுதான். நீண்டு ஓடக்கூடிய வெடிப்பைத்தான் தடுக்க வேண்டும். அதற்குக் குறுக்கே இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கிய, பட்டாம்பூச்சி வடிவக் கட்டையைப் பதிப்பார்கள். கட்டையின் இழை வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும், கனம் பலகையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

இந்தப் பட்டாம்பூச்சிக் கட்டையையும் அறுக்காத ஓரத்தையும் உலகறியச் செய்தவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905இல் அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக் கட்டடக்கலைஞர். கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் வேலை பார்த்தபோது, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோண்டே விடுதியைக் கட்ட 1930களில் புதுச்சேரிக்கு வந்து தங்கினார்; அங்கே மரச்சாமான்களும் வடிவமைத்தார், ஆசிரமவாசியாகி சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த மினிடோக்கா முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் கைவேலை நுணுக்கம் கற்று, பிறகு பென்சில்வேனியாவில் பட்டறை வைத்தார். வெடிப்பை மறைக்காமல், கட்டை பதித்து வெளிப்படையாகவே காட்டுவது அவர் பாணி. நம் ஊர்க் கட்டடம் ஒன்றில் வேலை பார்த்த மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் உண்டு. பெரிய வெடிப்பு உள்ள பலகையை ஒதுக்குபவர்களிடம் அவர் மேசைகளின் படங்களைப் பார்க்கச் சொல்வேன்.

குழி, பொந்து, உடைந்த கணு ஆகியவற்றுக்கு எபாக்ஸி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கெட்டியாக இறுகும் பிசின். முதலில் உள்ளே இருக்கும் உளுத்த மரம், மண், தூள் எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். அடிப்பக்கம் ஓட்டை திறந்திருந்தால் பிரவுன் டேப் ஒட்டி, ஓரங்களைப் பட்டி வைத்து அடையுங்கள். எபாக்ஸி சின்னக் கசிவையும் விடாமல் தேடிப் போய்விடும்.

முதலில் கொஞ்சமாகக் கலந்து குழியின் சுவர்களில் பிரஷ்ஷால் தடவுங்கள். அது தொட்டால் ஒட்டும், கையோடு வராது என்ற பதம் வந்ததும் மீதியை ஊற்றுங்கள். இந்த முதல் தடவல்தான் மரத்துக்குள் இருக்கும் காற்று குமிழியாகக் கிளம்புவதைத் தடுக்கிறது. ஊற்றுவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெயில் ஏற ஏற மரத்துக்குள் காற்று விரிந்து வெளியே வரும். மாலையில் சூடு இறங்கும்போது அது உள்ளே சுருங்கும், குமிழி குறையும்.

கலவை விகிதம் டப்பாவில் எடைக்கா, கன அளவுக்கா என்று பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. நம் கோடைச் சூட்டில் கலவை சீக்கிரம் இறுகும், அதனால் ஒரே பாத்திரத்தில் நிறையக் கலந்து வைக்காதீர்கள். தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்துவிடும். மெல்லியதாக ஊற்றும் வகையை ஆழமான பொந்தில் ஒரே மூச்சில் நிரப்புவதும் அப்படியே ஆகும். ஆழமான குழிக்கு என்றே தனி எபாக்ஸி விற்கிறார்கள், அதை வாங்குங்கள். நிறம் வேண்டுமென்றால் தூங்குமூஞ்சிக்குக் கறுப்போ அடர் பழுப்போ பொருந்தும். மரத்தின் நிறத்தைப் பின்னுக்குத் தள்ளும் பளீர் நீலத்தை நான் விரும்புவதில்லை.

மேசை முழுவதும் எபாக்ஸியைக் கண்ணாடியாக ஊற்றிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சாதாரண எபாக்ஸி கொதிக்கும் குழம்புப் பாத்திரத்தின் சூட்டில் இளகித் தடம் பதியும், வெயில் படும் ஜன்னலோரத்தில் மஞ்சளாகும், கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது.

உப்புத்தாள்

எபாக்ஸி மூன்று நாள் இறுகிய பிறகு 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 150, 180 என்று போங்கள். நடுவில் எதையும் தாண்டாதீர்கள். 80இன் கோடுகளை 180ஆல் அழிக்க முடியாது, பூச்சு போட்டதும் அவை எழுந்து நிற்கும். ஒவ்வொரு நம்பருக்கு முன்னும் பலகை முழுவதும் பென்சிலால் லேசாகக் கிறுக்கிவிடுங்கள். கிறுக்கல் முழுதும் மறைந்தால் அடுத்த நம்பர். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படிய வைத்து அடித்துப் பாருங்கள், தப்பிய கோடு தெரிந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பது பூச்சைப் பொறுத்தது. எண்ணெய் வகைக்கு 150 அல்லது 180இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் வழுவழுப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது. மேலே படலமாக நிற்கும் பியூவுக்கு (பாலியூரித்தேன்) 220 அல்லது 240 வரை போகலாம். வெட்டுமுனைக்கு மட்டும் எப்போதும் ஒரு நம்பர் கூடுதலாகப் போங்கள். அது அதிகம் உறிஞ்சிக் கறுத்துப்போவது குறையும்.

ஓரத்துக்கு மெஷின் வேண்டாம். கையில் 150, பிறகு 180, வளைவோடு போய்த் தூசையும் நாரையும் எடுத்தால் போதும். மேற்பரப்பும் ஓரமும் சேரும் விளிம்பின் கூர்மையை மட்டும் மழுக்குங்கள். கை வைக்கும் இடம் அது, தவிர கூர்விளிம்பில் எந்தப் பூச்சும் நிற்காது.

கடைசியாக ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த இழைகள் எழும். கடைசி நம்பரால் லேசாக ஒரு தடவை தேய்த்தால் அவை போய்விடும், பிறகு தண்ணீர் சிந்தினாலும் சொரசொரப்பு வராது. இந்த வேலை முழுவதும் என்95 மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தூளும் எபாக்ஸித் தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

எந்தப் பூச்சு?

வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயையோ நல்லெண்ணெயையோ தடவினால் பலகை உடனே பளிச்சென்று ஆகும். தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் இறுகாது. நல்லெண்ணெயும் ஒழுங்காக இறுகாது. தூசு ஒட்டும், சிக்கு வாடை வரும், அதன்மேல் வேறு பூச்சும் பிடிக்காது. முந்திரிக்கொட்டை எண்ணெய் படகுக்கும் உத்திரத்துக்கும் காலங்காலமாகப் பூசியது. கரையானுக்கு நல்ல மருந்து. ஆனால் மரத்தைக் கறுப்பாக்கிவிடும், பூசும்போது கையில் பட்டால் கொப்புளிக்கும். மேசைக்கு அது வேண்டாம்.

காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்து இறுகும் எண்ணெய்கள்தான் மரத்துக்கு உதவும்: ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய். பச்சை ஆளிவிதை எண்ணெய் இறுக வாரக்கணக்கில் ஆகும். உலர்விப்பான் சேர்த்த வகை ஓரிரு நாளில் இறுகும். இப்படிப்பட்ட எண்ணெயும் மெழுகும் சேர்ந்ததுதான் ஹார்ட்வாக்ஸ் ஆயில். ஆஸ்மோ, ரூபியோ மோனோகோட் போன்றவை நம் ஊரிலும் கிடைக்கின்றன. விலை கூடுதல், ஆனால் அரை லிட்டர் இருந்தால் ஆறடி மேசைக்கு இரண்டு பக்கமும் தாராளமாக வரும்.

அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்துப் போடும் பிரெஞ்ச் பாலிஷ் அழகில் குறைவில்லை. சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதால் சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. ஆனால் மெழுகு நீக்கிய அவலரக்கு அருமையான சீலர், அதாவது பூச்சுக்கு அடியில் போடும் முதல் கோட். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் போட்டுக் கரைத்து ஒரு கோட் கொடுத்தால், தேக்கின் எண்ணெயையும் உள்ளிருக்கும் கறையையும் மேலே வராமல் தடுக்கும், அதன்மேல் பியூ நன்றாகப் பிடிக்கும்.

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் மலிவு, சீக்கிரம் காயும், ஆனால் ஈரக்காற்றில் அடித்தால் வெள்ளை பூக்கும். மெலமைன் கெட்டியானது, காயும்போது வரும் ஃபார்மால்டிஹைடு நெடி வீட்டுக்குள் நாள்கணக்கில் நிற்கும். ஹார்ட்னர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து போடும் பியூதான், மரத்தின் மேல் படலமாக நிற்கும் பூச்சுகளில் சூட்டையும் கறையையும் நன்றாகத் தாங்குவது.

நான் பிரிப்பது இப்படி. தினம் மூன்று வேளை சாம்பாரும் ரசமும் சிந்தும் சாப்பாட்டு மேசைக்கு சாட்டின் அல்லது மேட் பியூ. டீப்பாய், படிக்கும் மேசை, பெஞ்சு, ஷெல்ஃப் எல்லாவற்றுக்கும் ஹார்ட்வாக்ஸ் ஆயில். படலப் பூச்சு ஓரத்தின் மேடு பள்ளங்களில் ஒரே கனத்தில் நிற்காது, குழியில் தேங்கும், மேட்டில் மெலியும். எண்ணெய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்பப் பூசவும் முடியும். மஞ்சள் கறைக்குப் பயந்து எண்ணெயை ஒதுக்க வேண்டாம், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் மெல்ல மங்கிவிடும்.

எண்ணெய் பூசும் முறை

தூசியை வாக்வம் போட்டு எடுத்து, டர்பன்டைன் தொட்ட துணியால் துடையுங்கள். அடிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். நிறம் எப்படி வருகிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். டப்பாவை அடி வரை நன்றாகக் கலக்கி, கொஞ்சமாக ஊற்றி, தேய்க்கும் பேடால் இழையோடு பரப்புங்கள். வெட்டுமுனைக்குத் திரும்பத் திரும்பக் கொடுங்கள், இனி உறிஞ்சாது என்ற நிலை வரும்வரை. ஓரத்துக் குழிகளுக்குச் சின்ன பிரஷ்.

டப்பாவில் சொன்ன நேரம், பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம், கழித்து மேலே நிற்கும் எண்ணெயை உலர்ந்த துணியால் முழுதும் துடைத்து எடுங்கள். மேலே தேங்கிய எண்ணெய் இறுகாமல் பிசுபிசுக்கும். எண்ணெய் பூசுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மறுநாள் அடுத்த கோட். ஒரே கோட் போதும் என்று டப்பாவில் எழுதியிருந்தால் ஒன்றோடு நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் லேசாகப் பயன்படுத்தலாம், தண்ணீர் சிந்தும் வேலையை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முழுதும் இறுக இரண்டு வாரமாவது ஆகும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும் எண்ணெய் ஆக்சிஜனை எடுக்கும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி, நெருப்பே வைக்காமல் தானாகப் பற்றிக்கொள்ளும். பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன. துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது வாளித் தண்ணீரில் முக்கிவைத்து அப்புறம் எறியுங்கள்.

பியூ பூசும் முறை

பியூவுக்கு நாளும் நேரமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேண்டாம். சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் பிரஷ் தடம் சமமாவதற்குள் காய்ந்துவிடும். வெயில் ஏறாத காலை வேளை நல்ல நேரம். ஆடிக்காற்றில் வாசலில் வைத்து அடித்தால் ஊர்த் தூசு எல்லாம் மேசைமேல்தான்.

தேக்கு என்றால் முதலில் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, உடனே சீலர் போடுங்கள். மற்ற மரங்களுக்கும் முதல் கோட் சீலர். காய்ந்ததும் 320 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசு எடுத்து, பியூ. ஹார்ட்னரை டப்பாவில் சொன்ன விகிதத்தில் மட்டும் கலக்குங்கள், சில மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அளவு போதும். மேலே மெல்லியதாக மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 320. ஓரத்துக்குக் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் குழிக்குள் தள்ளி அடியுங்கள், பத்து நிமிடம் கழித்து டார்ச் அடித்து வழிந்த துளிகளைப் பிரஷ் நுனியால் எடுங்கள். அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கை கோட். பளபளப்பு தேவையில்லை, தடிப்பு தேவை. ஜன்னல் திறந்திருக்கட்டும். சாதாரண தூசு மாஸ்க் ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள மாஸ்க் போடுங்கள்.

அடிப்பக்கத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன்? எந்தப் பூச்சும் ஈரத்தை நிறுத்தாது, வேகத்தைத்தான் குறைக்கும். மேலே மூடி, கீழே திறந்து விட்டால் மழைக்காலத்தில் அடிப்பக்கம் மட்டும் உப்பி, ஓரங்கள் மேலே எழும், நடுவில் குழியும். ஏசி அறையில் அடிப்பக்கம் மட்டும் சுருங்கி, ஓரங்கள் கீழே வளையும். இரண்டு பக்கமும் ஒரே பூச்சு இருந்தால் ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகத்தில் நடக்கும், பலகை நேராக நிற்கும்.

கால் பொருத்துவது

நேராக நின்றாலும் அகலத்தில் பலகை விரியும், சுருங்கும். மூன்றடி அகலத் தூங்குமூஞ்சிப் பலகை ஈரப்பதம் நான்கு சதவீதம் மாறினால் ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் நகரும். மா இன்னும் கூடுதலாக நகரும். நீளத்தில் அசைவு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் இரும்புச் சட்டத்தில் துளை வட்டமாக இருக்கக் கூடாது, பலகையின் அகலவாட்டில் நீண்ட துளையாக இருக்க வேண்டும், போல்ட் தலைக்குக் கீழே வாஷர். இறுக்கி வெல்டு வைத்த சட்டத்தில் வட்டத்துளை போட்டு முறுக்கினால் பலகைக்கு வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கால் பொருத்தத் துளைத்த ஓட்டைகளுக்குள்ளும் பூச்சைத் தொட்டு வையுங்கள்.

பிறகு பார்த்துக்கொள்வது

தினமும் பிழிந்த ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி. பினாயில் வேண்டாம். சூடான பாத்திரத்துக்குப் பிரிமனை. எண்ணெய்ப் பூச்சு மங்கினால், பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை, 320ஆல் லேசாகத் தேய்த்து ஒரு கோட் கொடுத்துத் துடைத்துவிட்டால் போதும். ஓரத்தில் நார் எழும்பினால் ஒரு துளி ஃபெவிக்விக் விட்டு அமுக்குங்கள். ஆனால் பூசாத மரத்தில் விடாதீர்கள், அந்த இடம் அதன்பின் எண்ணெயை உறிஞ்சாமல் திட்டாக நிற்கும்.

கீழே புது மாவு கொட்டினால் முதலில் பழைய தூளையெல்லாம் துடைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். பழைய துளைகளில் தங்கிய தூள் மேசையை அசைக்கும்போதும் விழும். திரும்பக் கொட்டினால் உள்ளே வண்டு இருக்கிறது. துளைகளுக்குள் ஊசி மூலம் மரப்பூச்சி மருந்து செலுத்தி, மெழுகால் அடைத்து, பக்கத்தில் பூச்சு தேய்ந்த இடம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். தரையோடு சாய்ந்து படுத்து, டார்ச் அடித்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூச்சு விட்டுப்போன இடம் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.